இயேசுவின் இரண்டாம் வருகை இன்னும் சில மாதங்களில் என்கிறார்களே, நம்பலாமா?

கேள்வி கேட்டவர், யூடியூபில் ஒரு பிரசங்கியார் போரையும் நிலநடுக்கத்தையும் காட்டி வருகைக்கு மாதக் கணக்கு சொல்கிறார் என்றும், அதைக் கேட்டதிலிருந்து மகளின் படிப்புக்காகக் கட்டிவரும் பணத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்றே குழப்பமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

பணத்தை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நானும் வருகையை நம்புகிறவன்தான். விசுவாசப்பிரமாணத்தில் "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று ஞாயிறுதோறும் சொல்கிறேன், வாய்க்காகச் சொல்லவில்லை. தேதி குறிப்பதுதான் எனக்கு ஒவ்வாது. பிதா ஒருவரைத் தவிர அந்த நாளை யாரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்கிறது. போர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது கலங்காதீர்கள், முடிவு உடனே வராது என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. போர்ச் செய்தி வந்ததும் கலங்கச் சொல்கிறவர் அந்த வசனத்தை எப்படித் தாண்டிப் போகிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கணக்குப் போட்டவர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி வேதத்தை வருஷக்கணக்கில் வரிவரியாகப் படித்தவர். தானியேல் 8:14இல் வரும் 2300 நாளை 2300 வருஷமாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணினார். கழித்துப் பார்த்தால் 1843. வருகை அப்போதுதான் என்றார். அந்த வருஷம் ஒன்றும் நடக்காமல் போகவே, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய வருஷம் கிடையாதே என்று ஒன்றைக் கூட்டி, கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று அவருடைய கூட்டத்தார் நாளே குறித்துவிட்டார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. மறுநாளும் வழக்கம்போல விடிந்தது. சரித்திரத்தில் அதற்குப் பெயரே 'பெரும் ஏமாற்றம்'.

2011இல் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் மே 21 என்றார். நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து சுமார் 1,40,000 டாலரை அந்தத் தேதியை விளம்பரம் செய்யவே செலவழித்தார். நாள் கடந்ததும் கேம்பிங் அக்டோபர் 21க்குத் தள்ளிவைத்தார். அதுவும் போனது. அடுத்த வருஷம், தேதி குறித்தது பாவம் என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன். நம் ஊரில் தேதி தவறினால் பழைய வீடியோவை அழித்துவிடுவதோடு சரி.

வருகையின் நாள் வந்தேவிட்டது என்று சொல்லிக் குழப்பியவர்கள் ஆதிக் கிறிஸ்தவர்களின் தெசலோனிக்கே சபையிலும் இருந்திருக்கிறார்கள். சீக்கிரமாய்க் கலங்காதீர்கள் என்று அந்தச் சபைக்கு எழுதின அப்போஸ்தலன் பவுல், வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். உங்கள் மகளின் பீஸ் விஷயத்தில் எனக்கு அந்த ஒரு வசனம் போதும்.

எங்கள் ஆச்சி கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1999 டிசம்பரில், 2000 பிறந்தால் உலகம் இருக்காது என்று ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. நாங்கள் பிள்ளைகள் நடுங்கிப்போனோம். 31ஆம் தேதி மத்தியானம் ஆச்சி முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு கிளம்பினாள். மளிகைக்கடையில் பாக்கி 43 ரூபாய், பால்காரம்மாவுக்குப் பாதி மாதக் காசு, எல்லாம் கொடுத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து எப்போதோ வாங்கிவந்த இட்லிக் கொப்பரையைப் புளிபோட்டுத் தேய்த்து, என் தலையில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று வருஷமாகப் பேசாதிருந்த கொழுந்தியாள் வீட்டு வாசலில் நின்று, "ஏட்டி, ராத்திரி கோயிலுக்குச் சேர்ந்து போவோமா?" என்று கேட்டாள். உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கதவு திறந்தது.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. ஆராதனை முடிந்து, கேக் துண்டு கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து படுத்தோம். விடிந்ததும் புதுவருஷ இட்லிக்கு அந்தக் கொப்பரையைத் திரும்ப வாங்கிவரச் சொல்லி ஆச்சி என்னைத்தான் அனுப்பினாள்.