பெர்த் போறேன், தாமான் வீட்டையும் ஈபிஎஃப்பையும் என்ன பண்றது?

கேள்வி: அண்ணே வணக்கம். மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல பொறந்து வளந்தவன், 38 வயசு, ஈப்போவுல ஹெவி வண்டி மெக்கானிக், மாசச் சம்பளம் 5,200 வெள்ளி (ரிங்கிட்). ஆஸ்திரேலியா பெர்த்ல வேலை கெடச்சிருக்கு, 4 வருஷ விசா, மே கடைசில கெளம்பறேன். வைப்பும் ரெண்டு பிள்ளைங்களும் அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் மாமியார் வீட்ல இருப்பாங்க. 2018-ல வாங்கின தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, மாசம் 900 வெள்ளிக்கு வாடகைக்கு விடப்போறோம், லோன் இன்னும் ஒரு லட்சம் பாக்கி. ஈபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்புல 90 ஆயிரம் இருக்கு. வீட்டை வித்துட்டு ஈபிஎஃப்பையும் மொத்தமா எடுத்துட்டுப் போ, இல்லன்னா ரெண்டு நாட்டுலயும் டேக்ஸ் கட்டியே தேஞ்சு போவேன்னு கூட்டாளிங்க சொல்றாங்க. இன்னொருத்தர் வீட்டைத் தம்பி பேருக்கு மாத்திடுன்றாரு. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, வீட்டை விக்காதீங்க, உங்க கூடப் பொறந்த தம்பி பேருக்கும் மாத்தாதீங்க. ஈபிஎஃப்பை நீங்க நெனச்சாலும் மொத்தமா எடுக்க முடியாது. கூட்டாளிங்க பயமுறுத்துற அந்த டேக்ஸ் எவ்வளவுன்னு ஒருத்தரும் கணக்குப் போட்டுப் பாக்கல, அதைத்தான் இப்ப போடப் போறோம்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, எல்எச்டிஎன், அதான் மலேசிய வருமான வரி இலாகா, உங்க பாஸ்போர்ட் கலரைப் பாக்கறதில்ல, வருஷத்துல எத்தன நாள் இங்க இருந்தீங்கன்னுதான் பாக்கும். 182 நாள்னு எல்லாரும் சொல்வாங்க, அதனால ஜூலை வரைக்கும் காத்திருந்துட்டு அப்புறம் போன்னு யாராச்சும் சொன்னாலும் சொல்வாங்க, தேவையே இல்ல. போன வருஷம் தொடர்ச்சியா 182 நாளுக்கு மேல இங்க இருந்து, டிசம்பர் தாண்டி ஜனவரிக்கு அது அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னா, நீங்க மே மாசமே போனாலும் இந்த வருஷத்துக்கு டேக்ஸ் கணக்குல ரெசிடென்ட்தான். நடுவுல தாய்லாந்து ஹட்ஞாய் போய் நாலு நாள் சுத்திட்டு வந்ததெல்லாம் கணக்கைக் கெடுக்காது. ரெசிடென்ட்னா 9,000 வெள்ளி சொந்தக் கழிவு, ஈபிஎஃப் கழிவு, பிள்ளைங்க கழிவு எல்லாம் உண்டு. அஞ்சு மாச சம்பளம் 26,000, உங்க பங்கு வாடகையைச் சேத்தாலும் கழிவெல்லாம் போக டேக்ஸ் ஒண்ணும் நிக்காது. ஆனா உங்க முதலாளி முழு வருஷச் சம்பளம்னு நெனச்சுல்ல பிசிபி, அதான் மாசாமாசம் சம்பளத்துல புடிக்கற டேக்ஸ், வெட்டியிருப்பாரு, அந்தக் காசு திரும்பி வரணும். அதுக்கு அடுத்த வருஷம் ஏப்ரல் 30-க்குள்ள பெர்த்ல உக்காந்துக்கிட்டே இ-பிஇ வருமான வரிப் பாரம் அனுப்பிடுங்க, இங்க இருக்கற பேங்க் கணக்கையும் மூடிடாதீங்க, ரீபண்ட் அதுலதான் விழும்.

அடுத்த வருஷம்தான் கதை மாறுது. நீங்க நான்-ரெசிடென்ட் ஆயிடுவீங்க, பாரம் இ-எம், வாடகை லாபத்துக்கு ஒரே ரேட் 30 பர்சென்ட், மேல சொன்ன கழிவு எதுவும் கெடையாது. கேக்கறப்ப வயித்தக் கலக்கும், இருங்க. 30 பர்சென்ட் 900 மேல இல்ல, செலவு போக மிச்சத்து மேல. வருஷ வாடகை 10,800. ஒரு லட்சம் லோனுக்கு வட்டி சுமாரா 4,100னு வைப்போம், நகராண்மைக் கழகத்துக்குக் கட்டற வீட்டு வரி, நில வரி, தீ இன்சூரன்ஸ், குழாய் கூரை ரிப்பேர் எல்லாம் ஒரு 1,100. மிச்சம் 5,600. வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்கறதால ஆளுக்குப் பாதி, 2,800. உங்க 2,800-க்கு 30 பர்சென்ட் 840 வெள்ளி. வைப் இங்கயே இருக்காங்க, அவங்க ரெசிடென்ட், வேற வருமானம் இல்லன்னா அவங்க பாதிக்கு டேக்ஸ் பூஜ்யம். அவங்களும் கெளம்பின பிறகுதான் மொத்தம் 1,680 ஆகும், அதாவது மாசத்துக்கு 140 வெள்ளி. இதுக்காகவா வீட்டை விக்கணும்?

இதுல நெறைய பேர் கோட்டை விடற எடம், மாசாமாசம் பேங்க்ல கட்டற தவணை முழுசையும் செலவுன்னு எழுதிடுவாங்க. வட்டி மட்டும்தான் செல்லும், அசல் செல்லாது, பேங்க்ல வருஷ ஸ்டேட்மெண்ட் கேட்டு வட்டியைப் பிரிச்சு எழுதுங்க. ஒரு வருஷம் வாடகை வராம நஷ்டம் ஆனா அதை அடுத்த வருஷ லாபத்துல கழிக்கவும் முடியாது. ரசீது எல்லாத்தையும் போன்ல படம் புடிச்சு வச்சுக்குங்க, ஏழு வருஷத்துக்கு.

தம்பி பேருக்கு மாத்தற யோசனைய சொன்னவரு நல்ல மனுஷனா இருக்கலாம், கணக்கு மட்டும் தெரியல. அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க, தாத்தா பாட்டி பேரப்பிள்ளைங்க நடுவுல மாத்தினாதான் முத்திரை வரில சலுகை, கூடப் பொறந்தவங்களுக்கு இல்ல. வீடு இன்னைக்கு ரெண்டு லட்சம் பெறும்னா 3,000 வெள்ளி முத்திரை வரி, மேல வக்கீல் காசு, அதுக்கும் மேல லோன் இருக்கறப்ப பேங்க் சம்மதம். வருஷம் 840 மிச்சம் புடிக்கப் போய் 3,000-த்துக்கு மேல எறியறது. தம்பிக்கு நாளைக்கு ஒரு கடன், ஒரு டிவோர்ஸ் வந்தா உங்க வீடும் சேந்து இழுபடும், அதை நான் சொல்லணுமா.

விக்கறதுக்கும் இப்ப அவசரம் இல்ல. 2018-ல வாங்கினது, அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு, குடிமகனா இருக்கற வரைக்கும் சொத்து லாப வரி சைபர், இன்னும் நாலு வருஷம் கழிச்சு வித்தாலும் சைபர்தான். நீங்க ஆஸ்திரேலியா குடியுரிமை வாங்கினா மலேசியாவுது போயிடும், இங்க ரெண்டு வச்சுக்க விட மாட்டாங்க, அப்புறம் வித்தா லாபத்துல 10 பர்சென்ட் போகும். அதனால வீட்டைப் பத்தின முடிவு அந்த பாரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. அதுவரைக்கும் வச்சிருங்க. நம்ம அப்பா அம்மா காலத்துல வேலை முடிஞ்சா லைன் வீட்டை காலி பண்ணிக் குடுத்துட்டு எங்க போறதுன்னு நின்ன குடும்பம் எத்தனன்னு உங்களுக்கே தெரியும், சொந்தப் பேர்ல இருக்கற கூரையை அவ்வளவு சுலபமா விட்டுடாதீங்க.

ஈபிஎஃப்புக்கு வருவோம். நாட்டை விட்டுப் போறவங்களுக்குன்னு ஒரு பணம் எடுக்கற வழி இருக்குதான், ஆனா அது குடியுரிமையையே விட்டுட்டுப் போறவங்களுக்கு, வேலை விசாவுல போறவங்களுக்கு இல்ல. மூணாவது கணக்கு, ப்ளெக்சிபல், அதுல இருக்கறத எப்ப வேணா எடுக்கலாம், மிச்சம் உள்ளயே இருக்கும். இருந்தா என்ன கெட்டுப் போச்சு? 2024-க்கு 6.30 பர்சென்ட் டிவிடெண்ட் குடுத்தாங்க, 90 ஆயிரத்துக்கு 5,670 வெள்ளி, அதுக்கு இங்க டேக்ஸும் கெடையாது. 55 வயசுல மொத்தமா எடுத்து ஒரு கல்யாணம், ஒரு காடின்னு ரெண்டு வருஷத்துல முடிச்ச பெரியவங்கள எஸ்டேட்ல பாத்திருப்பீங்க, 38-லயே அந்த வேலை வேணாம். முதலாளி பங்கு நின்னு போறதுதான் நட்டம், நீங்களே அங்கிருந்து மாசம் 300, 400 சொந்தமா போட்டு வரலாம், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் விடுவாங்க. பெயர் நியமனத்தை, அதான் உங்களுக்கு ஏதாவது ஆனா பணம் யாருக்குன்றதை மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடி செக் பண்ணிடுங்க.

இன்னும் ஏன் போடச் சொல்றேன்னா, அங்க முதலாளி உங்க சம்பளத்துக்கு மேல 12 பர்சென்ட் சூப்பர்னு ஒரு ஓய்வுக் கணக்குல போடுவாரு, அதைப் பாத்துட்டு நமக்கு அங்கயே பென்ஷன் சேருதுன்னு நெனச்சுடக் கூடாது. தற்காலிக விசால போயிட்டு திரும்பி வர்றப்ப அதை எடுத்தா பொதுவா 35 பர்சென்ட் டேக்ஸ் வெட்டிட்டுத்தான் குடுப்பாங்க. நிலையா தங்கிட்டீங்கன்னா 60 வயசு வரைக்கும் தொட முடியாது.

ரெண்டு நாட்டுலயும் டேக்ஸ்ன்ற பயத்துக்கு பதில் உங்க விசாலயே இருக்கு. தற்காலிக விசால இருக்கறவங்ககிட்ட, வைப்பும் அங்க பி.ஆர் (நிரந்தரவாசி) இல்லன்னா, ஆஸ்திரேலியா அந்த ஊர்ச் சம்பளத்துக்குத்தான் டேக்ஸ் கேக்கும், இங்க வர்ற வாடகைய பொதுவா தொடாது. நீங்க அங்கருந்து வீட்டுக்கு அனுப்பற காசுக்கு எல்எச்டிஎன்னும் டேக்ஸ் கேக்காது. பி.ஆர் கெடச்ச நாள்ல இருந்து உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் அங்க காட்டணும், இங்க கட்டின டேக்ஸை அதுல கழிச்சுக்கலாம். அந்த நாள் வீடு என்ன வெலை போகுமோ அதையே நீங்க வாங்கின வெலையா எடுத்துக்கிட்டு அதுக்கு மேல வர்ற லாபத்தைத்தான் அவங்க பாப்பாங்க, அதனால பி.ஆர் வந்த அந்த வாரமே இங்க ஒரு வேல்யூவர்கிட்ட ரிப்போர்ட் வாங்கிடுங்க, அஞ்சு வருஷம் கழிச்சுத் தேடினா கெடைக்காது. ஈபிஎஃப்பை அங்க எப்படிக் காட்டறதுன்றதையும் அப்பவே மலேசியாக்காரங்க கணக்கு பாக்கற அக்கவுண்டன்ட்கிட்ட ஸ்டேட்மெண்ட்டோட போய்க் கேளுங்க.

வீட்டு வேலை ரெண்டு. கரண்ட் பில் குடியிருக்கறவங்க பேருக்கு மாறணும், இல்லன்னா அவங்க கட்டாமப் போறது உங்க தலைல. அக்ரிமெண்ட் முத்திரை குத்தி வைங்க, வைப்பும் கெளம்பற சமயத்துல தம்பிக்கு ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி ஹைகோர்ட்ல பதிஞ்சுடுங்க. தம்பியை நம்பறீங்கன்னா அந்த அளவுக்கு நம்புங்க, கிராண்ட்ல (வீட்டுப் பட்டாவுல) பேர் மாத்தற அளவுக்கு வேணாம்.

கடைசியா, முதலாளிகிட்ட மார்ச்லயே சொல்லிடுங்க. மூணு மாசத்துக்கு மேல நாட்டை விட்டுப் போற ஆளுக்கு கெளம்பறதுக்கு 30 நாள் முன்னாடியே அவரு எல்எச்டிஎன்னுக்கு சிபி21 பாரம் அனுப்பணும், எல்எச்டிஎன் கிட்டருந்து லெட்டர் வர்ற வரைக்கும், இல்லன்னா 90 நாள் வரைக்கும், உங்க கடைசி சம்பளத்தைப் புடிச்சு வைப்பாரு, அது சட்டம், அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. பெர்த்ல முதல் சம்பளம் வர்ற வரைக்கும் வீட்டுச் செலவுக்கு அந்தக் காசை நம்பாம தனியா எடுத்து வைங்க. பழைய டேக்ஸ் பாக்கி இருந்தா ஏர்போர்ட்லயே நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க, எல்எச்டிஎன்னோட மைடேக்ஸ்லயும் இமிகிரேஷன் வெப்சைட்லயும் ஐசி நம்பர் போட்டு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.