சி மொழி அரைகுறையாகத் தெரிந்தவர் லினக்ஸுக்கு ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைச் சோதித்து, பேக்கேஜ் செய்து கொடுக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். எனக்கும் சி மொழியில் பாயின்டர் பாடத்தோடு நின்றுபோன அறிவுதான். பகலில் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை, வாரக் கடைசியில் டெபியன் என்ற லினக்ஸ் வகை. ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டரை டெபியனுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நான் எழுதிய நிரல் நாற்பது வரி தேறினால் அதிகம். எடிட்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதை எழுதியவர் ஒற்றை ஆள், சம்பளமில்லாமல் எழுதுகிறவர்; கீழே வரும் புலம்பல் அவர் கணக்கில் ஏற வேண்டாம்.

லினக்ஸ் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஃபெடோராவுக்கு ஒரு முறை, ஆர்ச்சுக்கு ஒரு முறை. எனக்குத் தெரிந்தது டெபியன். உபுண்டுவும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன்மேல் எழும்பியவைதான் என்பதால் இங்கே செய்யும் வேலை வீண் போகாது. எந்த லினக்ஸிலும் ஓடும் ஃப்ளாட்பேக் பொதியாகப் போட்டால் ஒரே நாளில் முடியுமே என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான். ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ளக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று: புது எடிட்டர் எதையும் எடுக்காதீர்கள். விம், ஈமேக்ஸ், நானோ, கேட், மவுஸ்பேட் என்று டெபியனில் எடிட்டர்களுக்குப் பஞ்சமில்லை. பராமரிக்க ஆளில்லாமல் விட்டுப்போன பேக்கேஜ்களுக்கு டபிள்யூஎன்பிபி என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 'அநாதை' என்றே குறித்திருப்பார்கள். அதில் ஒன்றைத் தத்தெடுத்தால், ஏற்கனவே ஓடுகிற பேக்கேஜைச் சீர்திருத்தும் வேலைதான். நான் இந்த அறிவுரையைக் கேட்டும் கேளாமல் புதிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு மாதம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சோதனைக்கு வருவோம். திறந்து, நாலு வரி அடித்து, சேமித்து, மூடிப் பார்ப்பது சோதனை இல்லை. அதை எழுதியவரே செய்திருப்பார். அவர் செய்ய வாய்ப்பே இல்லாத ஒன்று தமிழில் அடித்துப் பார்ப்பது. நமக்கு வேலை அங்கேதான்.

பெரம்பூரில் இருக்கும் என் பெரியப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் ஹையர் பாஸ். தமிழ்99 அவருக்கு ஆகாது, பழைய டைப்ரைட்டர் விசை அமைப்புதான் வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டு, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் அந்த விசை அமைப்பையும் வைத்து, நான் பேக்கேஜ் செய்துகொண்டிருந்த எடிட்டரையும் ஏற்றிக் கொடுத்தேன். தெருக் கோயில் விழா மலரின் பழைய கட்டுரைகளை அதில் திருத்த ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு மதியம் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, இங்க வா. 'கொடி'ன்னு தேடினா இல்லைங்குது. மூணு கொடி என் கண்ணு முன்னாடி பறக்குது."

உண்மைதான். திரையில் மூன்று 'கொடி'. தேடினால் பூஜ்யம். கோப்பை பைட் பைட்டாகத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனியாக ஒரு குறியீடு உண்டு. அது இல்லாமல், ஒற்றைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே 'கொ'தான் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஆனால் யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் முதல் வகைக் குறி 3 பைட், இரண்டாவது 6 பைட். பெரியப்பாவின் கட்டுரைகள் ஏதோ பழைய எழுத்துருவிலிருந்து கன்வர்ட்டர் வழியாக வந்தவை, எல்லாம் இரண்டாவது வகை. அவர் விசைப்பலகையிலிருந்து வருவது முதல் வகை. எடிட்டர் பைட்டோடு பைட்டை ஒப்பிட்டுவிட்டு இல்லை என்று கைவிரிக்கிறது. கொ, கோ, கௌ மூன்றுக்கும் இதே கதை.

தேடும் முன்பு இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. அதற்கான செயல்கூறு அந்த எடிட்டர் பயன்படுத்திய நூலகத்திலேயே இருந்தது. நாலைந்து வரித் திருத்தம். எழுதியவருக்கு அனுப்பினேன், கூடவே இரண்டு விதக் 'கொடி'யும் அடங்கிய ஒரு சோதனைக் கோப்பையும். மறுநாளே சேர்த்துக்கொண்டார். (ஔவையை ஒ-வும் ள-வும் போட்டு 'ஒளவை' என்று அடித்து வைத்திருப்பவர்களுக்கு எந்த எடிட்டரும் உதவாது. பெரியப்பா கோப்பில் அதுவும் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.)

அதற்குப் பிறகு தமிழுக்கென்றே ஒரு பக்கத்தில் சோதனைக் கோப்பு தயார் செய்தேன். 'தமிழ்' என்று ஒரே சொல் போதும், பல எடிட்டர்களின் குட்டு வெளிப்பட்டுவிடும். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. யூடிஎஃப்-8இல் 15 பைட். கர்சரை 'மி'க்கு முன்னால் வைத்து டெலீட் விசையை அழுத்திப் பாருங்கள். நான் எடுத்த எடிட்டர் ம-வை மட்டும் விழுங்கிவிட்டு, இகரக் குறியை முந்தைய த-வோடு ஒட்டி 'திழ்' என்று ஆக்கிவிட்டது. பேக்ஸ்பேஸ் வேறு கதை: அங்கே புள்ளி மட்டும் போய் 'தமிழ' என்று நிற்பதைத்தான் நாம் விரும்புகிறோம், பிழையைத் திருத்த வசதி. இந்த வித்தியாசத்தை ஆங்கிலத்தில் விளக்கி எழுத எனக்கு ஒரு மாலை பிடித்தது. அப்புறம் கன்ட்ரோல் இசட். ஐபஸ் வழியாக எழுத்து உருவாகும் ஒவ்வொரு இடைநிலையையும் தனிச் செயலாகக் கணக்கு வைத்து, ஒரு சொல்லை நீக்கப் பதினோரு தடவை அழுத்த வைத்தது. வரி உயரமும் தகராறு: ஆங்கில எழுத்துருவை அளந்து உயரத்தை முடிவு செய்ததால், 'ழு', 'ஞூ' போன்றவற்றின் கால் கடைசி வரியில் வெட்டுப்பட்டது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க சி மொழி வேண்டாம். தமிழில் நாள் முழுக்க அடிக்கிற பழக்கம் இருந்தால் போதும்.

இனி பேக்கேஜ். மூல நிரலுக்குப் பக்கத்தில் 'டெபியன்' என்று ஒரு அடைவு, அதற்குள் சில கோப்புகள். கன்ட்ரோல் கோப்பில் பெயர், விளக்கம், எவையெல்லாம் தேவை என்ற பட்டியல். ரூல்ஸ் கோப்பு கட்டுவது எப்படி என்று சொல்லும்; டெப்ஹெல்பர் என்ற துணைக் கருவி இருப்பதால் பெரும்பாலும் மூன்றே வரி. காப்பிரைட் கோப்பில் உரிமங்கள். சேஞ்ச்லாக் கோப்பில் மாற்றங்கள். இந்த சேஞ்ச்லாக்கை நான் கையால் அடித்து ஒரு ஞாயிறை இழந்தேன். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் பெயர், மின்னஞ்சல், தேதி வரும் வரி இருக்கிறது. வரி ஆரம்பத்தில் ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடு, மறுபடி ஒரு இடைவெளி. ஆனால் மின்னஞ்சலுக்கும் தேதிக்கும் நடுவில் இரண்டு இடைவெளி. ஒன்று போட்டால் ஒப்புக்கொள்ளாது. அதைச் சரி செய்ததும், கிழமை தப்பு என்று பேக்கேஜில் பிழை தேடும் லின்டியன் என்ற கருவி சொன்னது: ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்குச் சனிக்கிழமை போட்டிருந்தேன். டிசிஎச் என்று ஒரு சின்னக் கருவி இத்தனையையும் தானே செய்துவிடும் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

உண்மையான வேலை இதற்கு அப்புறம். என் லேப்டாப்பில் பேக்கேஜ் அழகாகக் கட்டியது, எல்லாச் சோதனையும் பாஸ். எஸ்பில்ட் என்ற கருவியில் ஓடவிட்டேன். அது ஒன்றுமே இல்லாத, அடிப்படை டெபியன் மட்டும் இருக்கிற ஒரு வெற்று அறையை உண்டாக்கி, கன்ட்ரோல் கோப்பில் நீங்கள் எழுதியதை மட்டும் உள்ளே விட்டு, அங்கே கட்டிப் பார்க்கும். முதல் ஓட்டத்தில் பாதி சோதனைகள் விழுந்தன. காரணம், அங்கே திரை கிடையாது; ஜன்னல் திறக்கிற எந்தச் சோதனையும் அந்த இடத்திலேயே செத்துவிடும். எக்ஸ்விஎஃப்பி என்ற பொய்த் திரையைக் கொடுத்ததும் பாதி பிழைத்தது. தமிழ்ச் சோதனைகள் அப்போதும் எழவில்லை. லோகேல் எனப்படும் மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருந்ததால் தமிழ்க் கோப்பைப் படிக்கும் இடத்திலேயே பிழை. ரூல்ஸ் கோப்பில் அதை 'சி.யூடிஎஃப்-8' என்று மாற்றினேன். அடுத்து, வரி உயரச் சோதனையில் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள். யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. வெற்று அறையில் தமிழ் எழுத்துரு எங்கேயிருந்து வரும்? என் லேப்டாப்பில் பல வருஷமாக இருப்பதால் அது ஒரு தேவை என்றே தோன்றவில்லை. லோஹித் தமிழ் எழுத்துருவைக் கட்டுவதற்கான தேவைகளில், சோதனைக்கு மட்டும் என்ற குறிப்போடு சேர்த்தேன்.

எனவே உங்கள் கணினியில் ஓடுவதை ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளிலிருந்தே எஸ்பில்ட்டில் கட்டுங்கள். நிறுவி, மேம்படுத்தி, முழுதாக நீக்கிய பிறகு குப்பை மிஞ்சுகிறதா என்று பார்க்க பியூபார்ட்ஸ். நிறுவிய நிலையில் நிஜமாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆட்டோபேக்டெஸ்ட். இரண்டும் ஆவணத்தைப் படித்தாலே பிடிபடும்.

எடிட்டர்களுக்கென்று ஒரு தனிப் பொறி உண்டு. டெபியனில் 'எடிட்டர்' என்று ஒரு பொதுப்பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் எது ஓட வேண்டும் என்பதை முன்னுரிமை எண் தீர்மானிக்கும்: நானோவுக்கு 40, முழு விம்முக்கு 30, குட்டி விம்முக்கு 15, பழைய ஈடிக்கு −100. நானும் ஆர்வக்கோளாறில் என் எடிட்டரை 50 என்று நுழைத்தேன். அடுத்த தடவை, நிரல் மாற்றங்களைப் பதியும் கருவியான கிட்டில் கமிட் அடித்தபோது செய்தி எழுத ஜன்னல் திறந்தது. நான் ஒரு எழுத்து அடிப்பதற்குள், செய்தி காலியாக இருக்கிறது, கைவிடுகிறேன் என்று கிட் முடித்துக்கொண்டது. என் எடிட்டர் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தான் பின்னணிக்குப் போய்விடும். வேலை முடிந்தது என்று கிட் நினைத்துக்கொள்ளும். மூடும்வரை காத்திருக்கத் தெரியாத எடிட்டருக்கு அந்தப் பொதுப்பெயரில் இடமில்லை. அன்றே எடுத்துவிட்டேன்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள், படங்கள் உட்பட. முதல் தடவை என் பேக்கேஜைத் திருப்பி அனுப்பினார்கள், காரணம் கருவிப்பட்டையில் இருந்த பதினாறு ஐகான்கள். அவை வேறொரு திட்டத்திலிருந்து வந்தவை, வேறு உரிமம், நான் குறிப்பிடவே இல்லை. தப்பு என்னுடையதுதான்.

நீங்கள் டெபியன் உறுப்பினர் இல்லை என்பதால் நேராக ஏற்ற முடியாது. மென்டர்ஸ் என்ற தளத்தில் ஏற்றி, உறுப்பினர் ஒருவரைப் பார்த்துத் தரச்சொல்லிக் கேட்க வேண்டும். புதுப் பேக்கேஜ் என்றால் அப்புறம் நியூ என்ற பரிசீலனை வரிசை. அங்கே நாட்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவும் தாண்டினால் 'சிட்' என்கிற நிலையற்ற கிளையில் விழும். அங்கிருந்து டெஸ்டிங் கிளைக்கு வழக்கமாக 5 நாளில் தானே நகர வேண்டும். என்னுடையது நகரவில்லை. எஸ்390எக்ஸ் என்ற ஐபிஎம் மெயின்ஃப்ரேம் கட்டமைப்பில் மட்டும் ஒரு சோதனை விழுந்துகொண்டிருந்தது. மற்றவற்றிலிருந்து மாறி, அதில் எண்களின் பைட்டுகள் தலைகீழ் வரிசையில் நிற்கும். எடிட்டர் யூடிஎஃப்-16இல் சேமிக்கும்போது வரிசையைச் சொல்லாமல் விட்டிருந்தது. என் வாழ்நாளில் தொடப்போகாத ஒரு மெஷினுக்காகப் பெரம்பூரில் உட்கார்ந்து மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் எழுதியவர்தான் திருத்தினார். நான் கோளாறை ஒரே ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுத்தது மட்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். இந்த வாரக் கடைசியில் நானோவின் மூலப் பேக்கேஜை இறக்கி, ஒன்றையும் மாற்றாமல் எஸ்பில்ட்டில் கட்டிப் பாருங்கள். அது ஓடிய பிறகு அநாதைப் பட்டியல். சென்னையில் கேட்க ஆள் வேண்டுமென்றால் ஐஎல்யூஜிசி இருக்கிறது. 1990களிலிருந்து இயங்கும் லினக்ஸ் பயனர் குழு. 2023இல் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற சிறு டெபியன் மாநாடு நடந்தது, அதே வருஷம் கொச்சியில் பெரிய மாநாடான டெப்கான்ஃபே நடந்தது. அப்படி ஏதாவது பக்கத்தில் வந்தால் விடாதீர்கள். போகும்போது உங்கள் ஜிபிஜி சாவியின் (நீங்கள்தான் என்று காட்டும் டிஜிட்டல் சாவி) 40 எழுத்துக் கைரேகையைத் துண்டுத் துண்டாக ஒரு தாளில் அச்சடித்து, அரசு அடையாள அட்டையோடு கொண்டு போங்கள். நாளைக்கு நீங்களே ஏற்றும் உரிமை கேட்கும்போது உறுப்பினர் ஒருவர் அந்தச் சாவியில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நான் முதல் தடவை தாள் இல்லாமல் போய், போனில் இருந்து படித்துக் காட்டினேன். யாரும் கையெழுத்துப் போடவில்லை.