வாட்ச் கேட்கும் 10,000 ஸ்டெப்ஸ் எனக்கும் வேண்டுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 வந்தது. மகள் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். ஆரம்பத்தில் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றியாவது தினமும் 10,000 ஸ்டெப்ஸ் முடித்தேன். வேலை நெருக்கடியில் நாலு நாள் விட்டதும் ஆர்வம் போய்விட்டது. இப்போது வாட்ச் அதிர்ந்தாலும் கண்டுகொள்வதில்லை. எடையும் குறையவில்லை. தூக்கத்துக்கு வேறு தினமும் 60க்குக் கீழேதான் மார்க் போடுகிறது. சர்க்கரையையே காட்டும் வாட்ச் ஆன்லைனில் விற்கிறதே, அதை வாங்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க, கையில் ஒட்டிக்கொள்ளும் சிஜிஎம் சென்சார் வேறு சமாச்சாரம். அதில் ஒரு மெல்லிய இழை தோலுக்கு அடியில் இருக்கும். உங்கள் நிலையில் அதுவும் தேவைப்படாது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பெரும்பாலும் நடையும் சாப்பாடும் எடைக் குறைப்பும் போதும்.

10,000 என்ற எண் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் விற்ற, ஸ்டெப்ஸ் எண்ணும் கருவியோடு பிரபலமானது அது. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், 60 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரை பலன் கூடிக்கொண்டே போகிறது. ஆக, எண் தப்பில்லை. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் முதல் நாளே அங்கே தாவுவதுதான் தப்பு. ஒரு நாள் 6,000 நடந்தாலும் தோற்றதாகத்தானே வாட்ச் காட்டும்?

அதனால் அந்த இலக்கை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் சும்மா கட்டிக்கொண்டிருங்கள். பிறகு ஆப்பைத் திறந்து மொத்தக் கணக்கை விட்டுவிட்டு, மணிவாரியான பட்டைகளைப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்குக் காலை 10 முதல் 1 வரை தரையோடு தரையாகக் கிடக்கும். சாப்பிட்ட பிறகும் அதே கதை. (குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினாலும் சில வாட்ச் ஸ்டெப்ஸ் போடும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) வாரச் சராசரி 3,500 என்றால் அடுத்த இலக்கு 4,500. பத்து நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தால் அந்த ஆயிரம் வந்துவிடும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நடந்தால், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் கொஞ்சம் மட்டுப்படும்.

இப்போது அதிர்வு விஷயம். கம்ப்யூட்டரில் பில்களைச் சரிபார்க்கும்போது 'எழுந்திரு' என்றால் யார்தான் எழுந்திருப்பார்கள்? தள்ளிவிடுவோம், பத்து தடவை தள்ளிவிட்டால் பதினோராவது காதிலேயே விழாது. எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிட்டு இரண்டே இரண்டை வையுங்கள்: மதியச் சாப்பாடு முடியும் நேரம் ஒன்று, டீக்குக் கிளம்பும் நேரம் ஒன்று. எப்படியும் எழுந்திருக்கப்போகிற நேரத்தில் வருகிற அழைப்புக்குத்தான் உடம்பு இணங்கும்.

நினைவூட்டலுக்கு விலை உயர்ந்த கருவி வேண்டும் என்பதுமில்லை. சென்னை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 537 வேலைக்குப் போகும் ஆண்களில் ஒரு பாதிக்குச் சாதாரண எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது; பெறாதவர்களில் 27 சதவீதம். அவரவர் எந்த அளவுக்கு மாறத் தயாராக இருந்தாரோ அதற்கேற்ப எழுதிய செய்திகள் அவை. உங்கள் மகள் மதியம் ஒரு வாட்ஸ்அப் போட்டாலும் போதும், இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எடை குறையாததற்கு ஒரு சந்தேகம். '600 கலோரி எரித்தாய்' என்று வாட்ச் சொன்ன இரவுகளில் ஒரு பரோட்டா கூடுதலாக இறங்கியதா? 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது நாடித்துடிப்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. கலோரியிலோ மிகச் சிறந்த கருவிக்கே 27 சதவீதப் பிழை. இன்னொரு ஆய்வில் 471 பேர் எடை குறைக்க முயன்றார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கருவி கட்டியவர்கள் 3.5 கிலோவும், கட்டாதவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். கலோரிக் கட்டத்தைத் திரையிலிருந்தே நீக்கிவிடுங்கள். எடையை வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள்.

தூக்க மார்க்கை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கை அசைவையும் நாடியையும் வைத்து வாட்ச் போடும் ஊகம் அது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பது வரை எடுத்துக்கொள்ளலாம். ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். ஆனால் பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னாலோ, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கினாலோ நேரில் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாட்ச் என்ன காட்டினாலும் சரி.

எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே லேபில், திரும்பப் பாருங்கள்.