வாசகர் கேள்வி பதில்: அப்பா, இதில் தேதி எங்கே?

கேள்வி: அக்கா, என் அப்பாவுக்கு 71 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க வாட்சாப்தான். விடியற்காலை ஐந்தரைக்கே குடும்பக் குழுவில் செய்தி வந்து விழும். எலுமிச்சைச் சாற்றை வெந்நீரில் குடித்தால் புற்றுநோய் போய்விடும், இன்று ராத்திரி கதிர்வீச்சு வருகிறது, போனை அணைத்து வையுங்கள், சிங்கப்பூர் டிவியிலேயே சொல்லிவிட்டார்கள், இப்படி. போன வாரம் பொறுக்க முடியாமல் குழுவிலேயே "அப்பா, இது பொய்" என்று எழுதிவிட்டேன். அதிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. நான் செய்தது தப்பா?
— வாசகி, செந்தூல்

பதில்: சொன்ன விஷயம் சரி, தங்கச்சி. சொன்ன இடம்தான் சரியில்லை. அந்தக் குழுவில் சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார், உன் வீட்டுக்காரரும் இருக்கிறார். அவர்கள் எல்லார் முன்னாலும் மகள் "பொய்" என்று எழுதினால், அப்பா பொய் சொல்கிறார் என்றுதான் அவர் காதில் விழும்.

அவர் வளர்ந்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் வெடித்த இனக் கலவரத்தின்போது அவருக்குப் பதினைந்து வயது இருந்திருக்கும். ஊரடங்கு எப்போது, எத்தனை மணி நேரம் தளரும் என்று ரேடியோ பக்கத்தில் காதை வைத்துத் தெரிந்துகொண்டு அரிசி வாங்க ஓடிய தலைமுறை அது. ரேடியோ சொன்னால் சரி, பத்திரிகையில் வந்தால் சரி. அந்த நம்பிக்கை முழு மூடநம்பிக்கை இல்லை, ஏனென்றால் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார் என்று பெயரும் முகவரியும் போட்டிருக்கும். நம் மலேசியாவில் அது சட்டம். தப்பாக எழுதினால் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். அதே நம்பிக்கையை அப்பா இப்போது போனில் வைக்கிறார், ஆனால் போனில் வருகிற செய்திக்கு அப்படி யாரும் பொறுப்பில்லை. இந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, நாம் போனை வாங்கிக் கொடுத்ததோடு சரி.

என் மாமியார் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் காணாமல்போன பெண் பிள்ளை என்று ஒரு படம் வந்தது, நீலக் கவுன், இரட்டைப் பின்னல். அதைப் பார்த்து அத்தை அழுதே விட்டார். தெரிந்த எல்லாருக்கும் அனுப்பி, வராதவர்களுக்குப் போன் போட்டும் சொன்னார். மூன்று வருஷம் கழித்து அதே கவுன், அதே பின்னல், மறுபடியும் "நேற்றிலிருந்து காணவில்லை" என்று வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு, "அத்தை, இதில் தேதி எங்கே இருக்கு பாருங்க" என்று மட்டும் கேட்டேன். மேலும் கீழும் தேடிப் பார்த்தார். அப்புறம் செய்திக்கு மேலே இருக்கும் இரட்டை அம்புக்குறியைக் காட்டினேன். அஞ்சு கையாவது மாறி வந்த செய்திக்கு வாட்சாப்பே அந்த அடையாளத்தைப் போடுகிறது, 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்ப விடுகிறது. இப்போது அத்தையே என்னைக் கூப்பிட்டு, "இதுல ரெண்டு அம்பு இருக்கும்மா, என்னான்னு பாரு" என்கிறார்.

உன் அப்பாவுக்கும் அதையே காட்டு. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' இணையத்தளம் இருக்கிறது, எது பொய்ச் செய்தி என்று மலாயில் போடுவார்கள். அந்தத் தலைமுறைக்கு மலாய் நன்றாகவே படிக்க வரும், அவரையே தேடிப் பார்க்கச் சொல். இன்னொன்று. விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவர் பத்துப் பேருக்கு செய்தி அனுப்புகிறார் என்றால், அந்த நேரத்தில் பேச அவருக்கு ஆள் இல்லை. நாளைக் காலை நீயே போன் போட்டுப் பேசு, பசியாறியாச்சா என்று கேள், போன வாரத்து விஷயத்தை எடுக்கவே எடுக்காதே.

கேள்வி: முதலீடு செய்தால் மாதாமாதம் இரட்டிப்பாகும் என்று நாட்டின் பெரிய தலைவர் ஒருவரே வீடியோவில் பேசுகிறார். முகமும் அவருடையது, குரலும் அவருடையது. நம்பலாமா?
— வாசகர், செராஸ்

பதில்: நம்பாதீர்கள் ஐயா. முகத்தையும் குரலையும் கணினியில் செய்துவிடுகிறார்கள். பணம் ஏற்கனவே போயிருந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் உங்கள் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் போன் போடுங்கள், பிறகு போலீஸ் புகார். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பேரனுக்கு ஒன்பது வயது. யூடியூப் பார்த்துப் பார்த்து மெட்ராஸ்காரன் போலப் பேசுகிறான். நான் "பசியாறலாம் வா" என்றால் சிரிக்கிறான். டிவி நம் பேச்சையே அழித்துவிடுமா?
— தாத்தா, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது ஐயா, எனக்கும் அது உண்டு. 1996-இல் ஆஸ்ட்ரோ கட்டண டிவி வந்த பிறகு தமிழ்நாட்டுத் தொடர்கள் நம் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தன, இப்போது அது பிள்ளையின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. பிள்ளை எதை அதிக நேரம் கேட்கிறானோ அதைப் பேசுகிறான், அவன்மேல் தப்பில்லை. ஆனால் நம் தமிழும் பலரிடம் வாங்கி வளர்ந்ததுதானே, முதலாளியைச் சொல்லும் தவுக்கே என்பதை ஹொக்கியன் பேசும் சீனர்களிடமிருந்தும் கிராமத்தைச் சொல்லும் கம்பம் என்பதை மலாயிலிருந்தும் எடுத்துக்கொண்டோம். அதனால் அவன் "செம" என்று சொன்னால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்தப் போனால் உங்களிடம் பேசவே வரமாட்டான்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால் பெரட்டு (காலை ஆள்கணக்கு), மங்கு (பால் வடியும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்), லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு) என்று உங்களிடம் ஒரு மூட்டைச் சொல் இருக்கும். அதை எந்தத் தொடரும் அவனுக்குச் சொல்லித் தராது. இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போனது, மழை வந்தால் மங்கில் தண்ணீர் கலந்து அன்றைய பால் வீணாய்ப் போனது, இதையெல்லாம் கதையாகச் சொல்லுங்கள். யூடியூப் பார்க்கிற நேரத்தில் அரை மணி நேரம் உங்களுக்குக் கிடைத்தால் போதும்.

கேள்வி: எல்லாச் செய்தியும் போனிலேயே வருகிறது. தமிழ்ப் பத்திரிகையை இனி யார் காசு கொடுத்து வாங்க வேண்டும்?
— வாசகர், 24 வயது, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நீதான் வாங்க வேண்டும், தம்பி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. நின்ற அன்றைக்கு எல்லாரும் முகநூலில் வருத்தப்பட்டார்கள். அவர்களில் கடைசியாக அதைக் காசு கொடுத்து வாங்கியது எப்போது என்று கேட்டால் பலரிடம் பதில் இருந்திருக்காது.

பத்திரிகைகளில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சினிமாப் பக்கம் அதிகம், அரசியல்வாதிகள் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற படம் அதைவிட அதிகம், இதைப் பார்க்கும்போது எனக்கும் கோபம் வரும். ஆனால் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்போகிறார்கள் என்றால், ஒரு கோயிலை இடம் மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தால், அங்கே போய் நின்று நாலு பேரைக் கேட்டு எழுத ஒரு நிருபர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். சென்னையில் இருக்கும் எந்தச் சேனலும் அதற்கு ஆள் அனுப்பாது. போனில் நீ இலவசமாகப் படிக்கிற உள்ளூர்ச் செய்தியும் பெரும்பாலும் அந்த நிருபர் எழுதியதுதான்.

ஒருநாள் வாங்கி, மரண அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார். சின்னப் படம், கீழே மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பெயர், கருமக்கிரியை எங்கே எத்தனை மணிக்கு என்ற விவரம். என் அம்மா முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். தோட்டத்தில் கூட வேலை செய்த ஒருவரின் முகத்தை நாற்பது வருஷம் கழித்து அதில் அடையாளம் கண்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய்வந்தார்.