ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பிரதிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாளிதழ் ஒன்றில் நிருபராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆன்மிகப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அரசியல் செய்தி எழுத வந்தவள் நான். அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸும் கிறிஸ்தவ சபைப் பத்திரிகையில்தான் தொடங்கினாராம். அந்த ஏணிப்படியை அவர் எப்படித் தாண்டினார்? அவரைப் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்,

வெல்ஸ் நினைவாகவே இருக்கும் நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. ஆனால் ‘ஏணிப்படி’ என்று எழுதினீர்களே, அதை ஏற்கவே முடியவில்லை. எட்டே மாதத்தில் உங்கள் பக்கத்தை நீங்களே மட்டமாக நினைக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பள்ளி ஆசிரியையாக இருந்த வெல்ஸ், ரயிலில் பெண்கள் பெட்டியிலிருந்து தன்னை இழுத்து வெளியேற்றிய கம்பெனிமீது வழக்குப் போட்டார். 1884இல் 500 டாலர் இழப்பீடு தீர்ப்பானது. 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வழக்கைப் பற்றி அவர் எழுதியது ‘லிவிங் வே’ என்ற பாப்டிஸ்ட் (கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) வார இதழில். எழுத்துக்கு முதன்முதலில் காசு தர முன்வந்ததும் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகைக்காரர்தான்: வில்லியம் சிம்மன்ஸ். வாரம் ஒரு கடிதம், ஒரு டாலர்.

1889இல் மெம்பிஸின் ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகை அழைத்தபோது, சம பங்கு தந்தால்தான் வருவேன் என்றார். பணம் போட்டுப் பங்குதாரர் ஆனார். இன்னொரு பங்குதாரர் நைட்டிங்கேல், பீல் தெரு பாப்டிஸ்ட் சபையின் போதகர். ஞாயிறுதோறும் அந்தச் சபையிலேயே சுமார் 500 பிரதிகள் விற்றன. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். கறுப்பின மக்கள் வாரம் தவறாமல் ஒன்றுகூடிய இடம் அது. சந்தா, விநியோகம், வாய்வழி விளம்பரம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

அப்படிப்பட்ட பத்திரிகை போதகர்களைத் தொடலாமா? தொட்டது. ஒரு போதகரின் கள்ள உறவை அம்பலப்படுத்தியது. போதகர் சங்கம் கொதித்தது. பிரசங்க பீடத்திலிருந்தே பத்திரிகையைப் புறக்கணிக்கச் சொல்வோம் என்று மிரட்டியது. விற்பனையில் பெரும்பகுதி போய்விடும் ஆபத்து. அடுத்த இதழில் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவர் பெயரும் அச்சானது. இவர்கள் எல்லாரும் அந்த ஆளுக்குத் துணை நிற்கிறார்கள், உங்கள் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவர்களையா ஆதரிக்கப் போகிறீர்கள் என்று வாசகர்களிடமே பத்திரிகை கேட்டது. புறக்கணிப்புப் பேச்சு அத்தோடு அடங்கியது. பொத்தாம்பொதுவாகச் ‘சில போதகர்கள்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. பெயர் போட்டதால் ஒவ்வொருவரும் தன் சபைக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டி வந்தது. இது மதச் செய்தியா, அரசியல் செய்தியா? நீங்களே சொல்லுங்கள்.

பத்திரிகைக்கு ரோஸ் தாள் வந்த கதையும் உண்டு. எழுத்தறியாதவர்கள் ‘ஃப்ரீ ஸ்பீச்’ கேட்டால் விற்பவர்கள் வேறு இதழைத் தலையில் கட்டினார்கள். ரோஸ் நிறத் தாளில் அச்சடித்ததும் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. வெல்ஸே ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்த்தார். ஓராண்டுக்குள் 1,500 பிரதி 4,000 ஆனது.

1892இல் நண்பர் தாமஸ் மாஸ் உட்பட மூவரை வெள்ளையர் கும்பல் கொன்றதும், கும்பல் கொலைகளைக் கண்டித்த வெல்ஸின் தலையங்கத்துக்காகப் பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. அந்த நாளில் அவர் மெம்பிஸில் இல்லை. பிலடெல்பியாவில் கறுப்பின மெதடிஸ்ட்களின் ஏ.எம்.ஈ. திருச்சபையின் பொது மாநாட்டுக்குப் போய், அங்கிருந்து நியூயார்க் சென்றிருந்தார். பின்னர் கும்பல் கொலைகளைப் பட்டியலிட்டபோது, வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிப்யூன்’ கணக்கையே எடுத்தார்: 1892இல் 241 பேர், அவர்களில் 160 பேர் கறுப்பர்கள். மிகைப்படுத்துகிறாய் என்று யாரும் வாய் திறக்க முடியாது.

2020இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சரில் சிறப்புப் பாராட்டு தந்தார்கள், இறந்து 89 ஆண்டு கழித்து. அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

புத்தகம் கேட்டீர்கள். மகள் அல்ஃபிரெடா டஸ்டர் பதிப்பித்து 1970இல் வந்த தன்வரலாற்றில் தொடங்குங்கள். அடுத்த கும்பாபிஷேகச் செய்திக்குப் போகும்போது திருப்பணி வரவு செலவைக் கேளுங்கள் அம்மா: வசூல் எவ்வளவு, ரசீது யார் பெயரில், வேலை எந்த ஒப்பந்ததாரருக்கு. தர மறுத்தால், மறுத்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.