போர்க்குற்ற வழக்குகள்: கேள்வி பதில்

கே: சட்டம் படிக்கிறேன். இந்தத் துறைக்கு எப்படி வருவது?

ப: மனித உரிமையில் முதுகலை மட்டும் போதாது. முதலில் சாதாரணக் கொலை வழக்குகளை நடத்துங்கள். குறுக்கு விசாரணை கைவந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு. பிரெஞ்சும் கற்றுக்கொள்ளுங்கள்.

கே: ஒரு நாட்டின் மீது சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

ப: முடியாது, அங்கே தனிமனிதர்கள் மட்டுமே. நாட்டுக்கு எதிராக நாடு என்றால் சர்வதேச நீதிமன்றம்; இரண்டும் ஹேக்கில்தான்.

கே: படுகொலை வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. சாட்சியமாகுமா?

ப: இப்போதைக்கு அது துப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலே எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் பெரும்பாலும் போய்விடும். எடுத்தவரிடமிருந்தே அசல் கோப்பை வாங்கி, உடனே எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) கணக்கிட்டுக் குறித்துவையுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது கைமாறியது என்பதும் எழுத்தில் வேண்டும். அசலைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். லிபியப் படைத் தளபதி அல் வெர்ஃபல்லி மீது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2017-ல் விடுத்த பிடியாணை பெரிதும் சமூக ஊடக வீடியோக்களை நம்பியே பிறந்தது.

ஒரு எச்சரிக்கை: பாதிக்கப்பட்டவரை நீங்களே விசாரித்து வாக்குமூலம் எழுதாதீர்கள். நாலு பேரிடம் நாலு முறை சொன்னால் விவரம் கொஞ்சம் மாறும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கே: தளபதிக்குத் தெரியாமல் படை எதுவும் செய்யாது. இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது?

ப: எல்லாமே இருக்கிறது. பிணங்கள் கிடைத்தால் குற்றம் நடந்தது தெரியும். யார் பொறுப்பு என்பது தெரியாது. ரோம் சட்டத்தின் (சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தம்) 28-வது பிரிவுப்படி, படை நடைமுறையில் தளபதியின் கட்டுப்பாட்டில் இருந்தது, குற்றம் அவருக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும், தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் இயன்றதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு ரேடியோ பதிவு, எரிபொருள் கணக்கு, பதவி உயர்வு ஆணை எல்லாம் தேடுவோம். கோழி திருடிய சிப்பாயைத் தளபதி சிறையில் போட்ட ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு கிடைத்தால் பொக்கிஷம்: தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது, கொலைக்கு மட்டும் அதை எடுக்கவில்லை.

கே (அதே நண்பர்): இதெல்லாம் தப்பவிடும் நுணுக்கம்!

ப: காங்கோவின் படைத் தலைவர் பெம்பா வழக்கைப் பாருங்கள். 2016-ல் 18 ஆண்டு தண்டனை. 2018-ல் மேல்முறையீட்டில் விடுதலை. அவர் படை அண்டை நாடான மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் குற்றமே செய்யவில்லை என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பு சொல்லவில்லை. தொலைவிலிருந்த தளபதியால் என்ன செய்திருக்க முடியும் என்பதில்தான் முக்கியமாகத் தீர்ப்பு கவிழ்ந்தது, நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு. அது சரியான தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘தெரியாமல் இருக்குமா’ என்று வாதாடி இனி யாரும் ஜெயிக்கப்போவதில்லை.

கே: குற்றம் சாட்டப்பட்ட சிலரை ஏன் இன்னும் கைது செய்யவில்லை?

ப: நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது. உறுப்பு நாடுகள்தான் பிடித்துத் தர வேண்டும். ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 1995-ல் குற்றம் சாட்டிய போஸ்னிய செர்பியத் தளபதி மிலாடிச் பிடிபட்டது 2011-ல்.

கே: பிடியாணை இருந்தும் ஏன் பிடிக்கவில்லை?

ப: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கே: தூக்குத் தண்டனை உண்டா?

ப: இல்லை. 30 ஆண்டு வரை, மிகக் கொடிய வழக்கில் ஆயுள்.

கே: எங்கள் குழு சாட்சிகளைக் கேமராவில் பேட்டி எடுக்கத் தொடங்கிவிட்டது…

ப: நிறுத்துங்கள். பெயர், தொடர்புகொள்ளும் வழி, எதைப் பார்த்தார் என்று இரண்டு வரி. அவ்வளவுதான். அந்தப் பட்டியலையும் பூட்டி வையுங்கள்.