மார்கழிப் பனியில் 200 கிலோமீட்டர்: கூட்டமாகச் சைக்கிளில் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தலையெடுப்பதற்குள் கிடைக்கிற இரண்டு மாதங்கள்தான் நம் பக்கம் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க அருமையான காலம். பிஆர்எம் என்று நாம் சொல்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களுக்கு இந்தச் சமயத்தில் புதிதாகப் பேர் கொடுப்பவர்கள் நிறைய. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஜனவரியில் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து 200 கிலோமீட்டர் போகிறோம். அதற்கான கெடுவான பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேனா? (தாம்பரம்)

உங்கள் கால் முடித்துவிடும். எட்டுப் பேர் சேர்ந்து நிற்கிற இடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் என்று மிதித்தால் 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம், மிச்சம் மூன்றரை மணி நேரம். கேட்க நிறைய மாதிரிதான் இருக்கும். ஆனால் எட்டுப் பேர் ஒரு ஹோட்டலில் இறங்கினால் என்ன நடக்கிறது? ஒருவர் கழிப்பறைக்குப் போவார், அவர் வந்த பிறகு இன்னொருவர் போவார், ஒருவர் சார்ஜர் தேடுவார், நான்கு பேர் சாப்பிட்டு முடிக்கும்போது ஐந்தாமவருக்குத் தோசை வரும், எல்லோரும் சைக்கிளைத் தொடும்போது ஒருவர் காபி சொல்லியிருப்பார். முக்கால் மணி நேரம் போய்விட்டது! இப்படி நாலு இடம் என்றால் மூன்று மணி நேரம் காலி, அதற்குள் ஒரு பஞ்சர் ஆகிவிட்டால் கதை முடிந்தது.

குளிர்காலத்தில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. மிதிக்கிற வரை உடம்பு சூடாக இருக்கும், வேர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் கால் மணி நேரம் நின்றால் நடுக்கம் பிடிக்கும், தசை இறுகும், மறுபடி கிளம்பும்போது முதல் ஐந்து கிலோமீட்டர் கால் கால் மாதிரியே இருக்காது. அதனால் இறங்குவதற்கு முன்பே இந்த இடத்தில் என்ன வேலை என்று பேசிக்கொள்ளுங்கள்: தண்ணீர், கழிப்பறை, வழியில் குறித்த இடங்களைத் தாண்டியதற்குக் கார்டில் வாங்குகிற முத்திரை, அவ்வளவுதான், பத்து நிமிடம். உட்கார்ந்து சாப்பிடுவதை இரண்டு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு முறை இருபது நிமிடம் மட்டும் நின்று 100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அது சரியாக வந்தால் பயமில்லை.

விளக்கை மறக்க வேண்டாம். ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் ஆறரை மணி வாக்கில்தான் விடியும், மாலை ஆறுக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். எப்போது கிளம்பினாலும் கொஞ்சம் இருட்டு உங்கள் பங்குக்கு உண்டு.

ஈசிஆரில் பாண்டிச்சேரிப் பக்கம் போகும்போது பறந்தோம், திரும்பும்போது செத்தோம். எங்களுக்குப் பயிற்சி போதவில்லையா? (திருவான்மியூர்)

பயிற்சியில் குறையில்லை, காற்று அப்படி. இந்த மாதங்களில் காற்று வடகிழக்கில் இருந்து வீசும். தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும், உங்கள் வேகம் என்று நீங்கள் நினைத்ததில் பாதி அதனுடையது. திரும்பும்போது முகத்தில் அடிக்கும். கோவைக்காரர்களுக்கும் இதே கதை உண்டு, டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடித்துக்கொண்டு போகும், பாலக்காடு வரை சொகுசு, வாளையார் தாண்டித் திரும்பி வருவது தண்டனை. போகும்போது கிடைத்த நேரத்தைச் சேமிப்பாக வையுங்கள், டீக்கடையில் செலவழித்துவிடாதீர்கள்.

எதிர்க்காற்றில்தான் கூட்டத்தின் அருமை தெரியும். ஒருவர் பின்னால் ஒருவராக நெருங்கிப் போனால் பின்னால் இருப்பவருக்கு உழைப்பு கண்கூடாகக் குறையும். முன்னால் போகிறவர் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். முன்னால் வந்தவுடன் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுகிறவர்தான் கூட்டத்தை உடைக்கிறவர். முன்னால் வந்தவரின் வேலை அதே வேகத்தைக் காப்பது மட்டுமே.

ஒரு நுணுக்கம். ஈசிஆரில் வடக்கே திரும்பும்போது காற்று நேர் முன்னாலிருந்து வராது, கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து வரும். அதனால் மறைப்பு கிடைக்கிற இடம் முன்னவருக்கு நேர் பின்னால் இல்லை, பின்னால் சற்று இடப்பக்கம். எல்லோரும் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனால் ஐந்தாவது ஆள் மணலில் இருப்பார். அதனால் எட்டுப் பேர் ஒரே வரிசையாகப் போவதைவிட நாலு நாலாகப் பிரிந்து போங்கள். லாரி, பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது விதிமீறல், உயிருக்கும் ஆபத்து.

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி. கனமான ஜாக்கெட் வாங்கட்டுமா? (கோயம்புத்தூர்)

வாங்க வேண்டாம். கனமான ஜாக்கெட் ஏற்றத்தில் உங்களை வேர்வையில் குளிப்பாட்டிவிடும், இறக்கத்தில் அந்த ஈரமே எதிரி.

ஏறும்போது குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும், மேட்டுப்பாளையத்துக்கும் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டிக்கும் இடையில் அந்தக் கணக்கிலேயே பன்னிரண்டு டிகிரி போய்விடும், ஆனாலும் மிதிக்கிற உடம்பு அதைச் சமாளிக்கும். திரும்பி இறங்கும்போதுதான் விஷயம். பத்து டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது ஆறு டிகிரி மாதிரி. நீங்கள் மிதிக்கவும் இல்லை, சூடு உண்டாக வழியில்லை.

வேண்டியது மெல்லிய அடுக்குகள். உள்ளே வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாத துணி (பருத்திப் பனியன் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது), மேலே சாதாரண ஜெர்சி, அப்புறம் மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு விண்ட்சீட்டர். ஏறி முடிந்ததும் டீ குடிப்பதற்கு முன் விண்ட்சீட்டரைப் போடுங்கள், நடுக்கம் வந்த பிறகு போட்டால் அது குளிரைத்தான் உள்ளே பூட்டும். கையில் எதுவும் இல்லை என்றால் அன்றைய செய்தித்தாளை இரண்டாக மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்குங்கள். பழைய சைக்கிள் பந்தயக்காரர்களின் வழக்கம் இது, இன்றைக்கும் வேலை செய்கிறது.

எல்லாவற்றையும்விட விரல்கள் முக்கியம். விறைத்துப்போன விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது, ஒன்று பிடியாது, இல்லை சக்கரம் பூட்டிக்கொள்ளும். முழு விரல் கையுறை கட்டாயம் வேண்டும். விரல் மரத்துப்போகிறது என்று தோன்றிய உடனே ஒரு வளைவில் ஒதுங்கி, கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போங்கள். இங்கே ‘நிற்காதே’ என்று சொல்ல மாட்டேன்.

மழை வந்தால்? (கடலூர்)

டிசம்பரில் வரும். முழு ரெயின்கோட் வேண்டாம், உள்ளேயே வேர்வையில் நனைவீர்கள். கழற்றி மாட்டுகிற மட்கார்டு ஒன்று போடுங்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் பின்னால் வருகிறவர் வாயில் சேறு அடிக்காமல் இருக்க. ரிம் பிரேக் (சக்கர வளையத்தை அழுத்திப் பிடிக்கிற வகை) என்றால் நனைந்த பிறகு பிடிக்க நேரம் எடுக்கும், முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள், இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி இரண்டின் மேலும் திரும்பாதீர்கள். ஈரத்தில் கண்ணாடிச் சில்லு டயரில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும், அதனால் ஆளுக்கு இரண்டு டியூப். பஞ்சர் ஒட்டும் பசை ஈர டியூபில் பிடிக்காது.

எனக்கு 52 வயது, கூட்டத்தில் நான்தான் மெதுவாகப் போகிறவள். என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்திலேயே பேர் கொடுக்காமல் இருக்கிறேன். (மதுரை)

அம்மா, பேர் கொடுங்கள். முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பிஆர்எம்மில் அவரவர் பயணம் அவரவர் பொறுப்பு, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதே சமயம் இது பந்தயமும் இல்லை, முதலில் வந்தவருக்கும் நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தவருக்கும் ஒரே மதிப்புதான். நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தால் போதும்.

உங்களைவிட உங்கள் கூட்டத்துக்குத்தான் நான் சொல்ல வேண்டியது அதிகம். மெதுவாகப் போகிறவரைக் கடைசியில் விடாதீர்கள். வரிசை ஒரு வேகத்தடையில் மெதுவானால் கடைசி ஆள் மிகவும் மெதுவாகி, பிறகு எல்லோரையும்விட வேகமாகத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், நாள் முழுக்க இப்படித் துரத்தினால் வலுவானவரே சோர்ந்துபோவார். அவருடைய இடம் இரண்டாவது அல்லது மூன்றாவது. கடைசியில் வர வேண்டியது இருப்பதிலேயே பலசாலி, அவரிடம் பம்பும் டூல்ஸும் போனும் இருக்கட்டும். சேர்ந்துகொள்கிற இடங்களை முன்பே குறித்துவையுங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க், டோல்கேட் மாதிரி இடங்கள் நல்லது, இருட்டுப் பைபாஸில் ஓரமாக நின்று காத்திருப்பது வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் நிற்கிற இடத்தில் நீங்கள் சீக்கிரம் கிளம்புங்கள். “நான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன், வந்து பிடியுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் முந்திக்கொள்ளுங்கள். பகலில் தாராளமாகச் செய்யலாம். இருட்டிய பிறகு மட்டும் குறைந்தது ஒருவரோடு சேர்ந்தே போங்கள்.

குளிரில் தாகமே எடுப்பதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. (திருச்சி)

தாகம் எடுக்காது, ஆனால் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். குளிரில் சிறுநீரும் அதிகம் போகும், அதைப் பார்த்துவிட்டு உடம்பில் தண்ணீர் போதுமானது என்று நினைக்காதீர்கள். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு, அவ்வளவு போதும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் இவற்றை ஜெர்சிப் பையில் வைத்து ஓட்டத்திலேயே சாப்பிடப் பழகுங்கள். காலையில் இட்லி நல்லது. நெய் வழிகிற வெண்பொங்கலைப் பயணம் முடிந்த மறுநாளுக்கு வையுங்கள்.

இதே கேள்வியைச் சுகர் உள்ள ஒருவரும் கேட்டிருந்தார். மருத்துவரிடம் தூரத்தையும் நேரத்தையும் சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் கை நடுங்கும், குளிருக்கும் நடுங்கும், எது என்று பிரித்துப் பார்க்கக் குழப்பமாக இருக்கும். குளுகோஸ் கையில் இருக்கட்டும், உடன் வருகிற ஒருவருக்காவது விவரம் தெரிந்திருக்கட்டும்.

அண்ணா, விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஓட்டலாமா? (கிருஷ்ணகிரி)

முன்னால் போகிறவரின் பின்விளக்கு ஐம்பது மீட்டரில் மறைந்தால் நிறுத்திவிடு தம்பி, விடிந்து மூட்டம் கலையும்வரை டீக்கடையில் உட்காரலாம், தவறே இல்லை. கூட்டத்துக்கு நடுவில் பின்விளக்கைச் சிமிட்டவிடாமல் நிலையாக எரியவிடு, பின்னால் இருப்பவருக்குக் கண் கூசும். பிரதிபலிப்புச் சட்டை பகலிலும் உடம்பில் இருக்கட்டும்.

பனி மட்டும் இல்லை, இந்தப் பருவத்துக்கென்றே சாலையில் சில விஷயங்கள் உண்டு. பின்விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டர், டெல்டா பக்கம் போனால் பாதிச் சாலையில் காய்கிற நெல், அதைச் சுற்றி வரிசையாக வைத்த கற்கள். பழனிச் சாலைகளில் தைப்பூசத்துக்கு முன் இரவெல்லாம் பாதயாத்திரை போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும், மணியை மெதுவாக அடித்து, வேகத்தைக் குறைத்து. போகியன்று விடியற்காலையில் சென்னையைச் சுற்றி ஓட்டவே வேண்டாம், புகையும் பனியும் சேர்ந்தால் மூச்சுக்கும் கேடு, கண்ணுக்கும் எதுவும் தெரியாது.

எனக்கு வீசிங் உண்டு. (சேலம்)

குளிர்ந்த, வறண்ட காற்றை வாயால் இழுத்தால் சிலருக்கு அது கிளறிவிடும். மருத்துவர் அனுமதி கொடுத்தால் வாருங்கள், முதல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் போங்கள், மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடுங்கள். இன்ஹேலர் பேக்கில் வேண்டாம், கைக்கு எட்டுகிற பையில்.

300 கிலோமீட்டரில் தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது? முடித்த பிறகு மோட்டார் பைக்கிலேயே வீட்டுக்குப் போய்விடலாமா? (வேலூர்)

300க்கு இருபது மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பினால் கடைசி நேரம் இரவு இரண்டு மணி, 400 என்றால் முழு இரவும் உண்டு. இரவு இரண்டில் இருந்து நாலு வரைதான் மோசம். பேச்சு குறையும், கோடு வளையும், ஒரே பலகையை இரண்டு தடவை படிப்பீர்கள். இந்த அறிகுறி யாரிடம் தெரிந்தாலும் கூட்டமே நிற்க வேண்டும். பெட்ரோல் பங்கில் கேட்டுவிட்டு, காற்று படாத சுவர் ஓரமாக, விண்ட்சீட்டரையும் குல்லாவையும் போட்டுக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து, இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது காபியும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். அலாரம் ஒருவர் வைத்தால் போதாது, இரண்டு பேர் வையுங்கள்.

முடித்த பிறகு பைக், கார் இரண்டும் வேண்டாம். இலக்கை அடைந்ததும் உடம்பு இறுக்கத்தை விட்டுவிடும், அதுவரை தள்ளிப்போட்ட தூக்கம் மொத்தமாக வந்து இறங்கும். முடிகிற ஊரிலேயே ஓர் அறை எடுத்துப் படுங்கள், இல்லை வீட்டில் இருந்து ஒருவர் வந்து கூட்டிப்போகும்படி கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். வண்டியை மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம்.